மண் க்யூவில் நிற்காது

அருள் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கம்போங் ராஜாவில், உரக்கடைக்கு மேலே இருக்கும் எங்கள் அலுவலகப் படிக்கட்டில் நின்று குடையை உதறிக்கொண்டிருந்தேன். ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மனைவி ரீத்தா பேசினாள். அழவில்லை. நெஞ்சுவலி என்று அழைத்துப் போனதையும், விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதையும் அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள். பிறகு, "அங்க மழை பேயுதா அக்கா? கடைசியா அதத்தான் கேட்டாரு," என்றாள். குடை என் கையைவிட்டு நழுவிப் படிகளில் உருண்டு கீழே போய்விட்டது. நான் அதை எடுக்கப் போகவில்லை.

மேலே ஏறி அவர் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல், தினமும் காலையில் வந்ததும் அவர் செய்வதைச் செய்தேன். கறுப்புத் திரையைத் திறந்து, அனுப்பிய வேலைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்கும் அந்த ஒற்றை வரியைத் தட்டினேன். பதில் வந்தது. முதல் வரியிலேயே அருளின் பெயர், பக்கத்தில் 'ரன்னிங்'. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின மாலை அவர் அனுப்பிவிட்டுப் போன ஒரு நீளமான கணக்கு, கோலாலம்பூரில் எங்கோ ஒரு குளிர்ந்த அறையில், அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அந்த இயந்திரத்துக்கு இன்னும் யாரும் சேதி சொல்லவில்லை. மறுபடி தட்டினேன். ஒரு படி முடிந்து அடுத்த படிக்குப் போயிருந்தது.

இதை வாசிக்கிற எஸ்டேட்காரர்களே, உங்களில் பலருக்கு அருளைத் தெரியும். பாதிப் பேர் அவரோடு சண்டை போட்டவர்கள். கொட்டுகிற மழையில் வீட்டைவிட்டுக் கிளப்பி, எஸ்டேட்டின் பொது மண்டபமான டேவானில் கொண்டுபோய்ப் பாயில் உட்கார வைக்கிற மனிதரோடு யார்தான் சண்டை போடமாட்டார்கள்? ஆனால் அந்த மாடியில் உட்கார்ந்து அவர் என்னதான் செய்தார் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஒருவர் என்னிடம், அருள் மழை வருவதைச் சொல்கிறவர்தானே என்று கேட்டார். அந்த இடத்திலும் எனக்குக் கோபம் வந்தது. இந்த மலையில் மழையை யாரும் சொல்ல வேண்டியதில்லை, அது தானே வந்து நிற்கும். அருள் பார்த்துக்கொண்டிருந்தது மண்ணை.

எஸ்டேட் சரிவுகளில் ஆங்காங்கே மழைமானிகள் நட்டிருக்கிறோம். அவை அனுப்பும் அளவுகளை வைத்துக்கொண்டு, எவ்வளவு தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியது, எந்தச் சரிவு எவ்வளவு தாங்கும், தொழிலாளர் குடியிருக்கும் எந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஆபத்து என்று படிப்படியாகக் கணக்குப் போட வேண்டும். ஒரு படியின் விடை அடுத்த படிக்குள் போகும். எங்கள் கணினிக்கு அவ்வளவு சக்தி கிடையாது. ஆகவே கறுப்புத் திரையில் ஒரு வரியைத் தட்டி அனுப்பினால், கோலாலம்பூரிலுள்ள பெரிய இயந்திரம் வாங்கி க்யூவில் போட்டுக்கொள்ளும். 'பெண்டிங்' என்றால் நம் வேலை இன்னும் க்யூவில் நிற்கிறது. 'ரன்னிங்' என்றால் ஓடுகிறது. 'கம்ப்ளீட்டட்' என்றால் முடிந்தது. கடைசியில் ஒரு வரைபடம் வரும், பச்சை என்றால் பயமில்லை, சிவப்பு என்றால் ஆட்களை எழுப்பு. மழைமானிகளைக் கவனிப்பதும் போன் பேசுவதும் என் பொறுப்பு. வேலையை அனுப்புவதும் காத்திருப்பதும் அருளின் பொறுப்பு.

காத்திருக்க அந்த மனிதருக்குத் தெரியவே தெரியாது. அனுப்புவதற்கு முன் என்னென்ன படிகள் நடக்கப்போகின்றன என்று இயந்திரத்தையே பட்டியலிட்டுக் காட்டச் சொல்லி, ஜெபமாலை உருட்டுவதுபோல் முணுமுணுத்து வாசிப்பார். அனுப்பிய பிறகு நிமிஷத்துக்கொரு தடவை நிலையைக் கேட்பார். "நச்சரிச்சா சீக்கிரம் வந்துருமா அருள்?" என்று நான் கிண்டல் செய்தால், "வராது அக்கா. ஆனா நம்மள மறந்துறக்கூடாது பாருங்க," என்பார்.

அவர் வேலைகளுக்கு வைக்கும் பெயரும் அப்படித்தான். மற்றவர்களெல்லாம் எண் கொடுப்பார்கள். இவர் ஒவ்வொரு லயத்தின் கணக்குக்கும் அங்கே குடியிருக்கும் யாராவது ஒருவர் பெயரை வைத்துவிடுவார். இரண்டாம் லயத்துக்கு என் அக்கா சரசுவின் பெயர். தினமும் காலையில் திரையில் 'சரசு, பெண்டிங்' என்று வந்து நிற்கும். பிறகு 'சரசு, கம்ப்ளீட்டட்'. "எங்கக்கா பேருதான் உங்களுக்குக் கிடைச்சுதா? மாத்துங்க," என்று சண்டை போட்டேன். மாற்றவில்லை. "நம்பரா இருந்தா தூங்கிடுவேன் அக்கா. பேரா இருந்தா தூக்கம் வராது," என்றார்.

அருள் பயந்தவர். அதை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேசினால் அது வேறு யாரோ. நாய்க்குப் பயம், ஊசிக்குப் பயம், மலையிறங்கும் தாப்பா ரோட்டில் பஸ் வளையும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார். நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவள், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிற ரகம். இப்படிப் பயப்படுகிற ஆம்பளையை நான் பார்த்ததே இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். கோபப்படமாட்டார். சிரித்துக்கொண்டே போய் ஜன்னலைத் திறந்து, கையை வெளியே நீட்டுவார். வேலையை அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை, விடை வந்த பிறகு ஒரு தடவை, மழையைத் தொட்டுப் பார்த்தாக வேண்டும் அவருக்கு. பிறகு ஈரக்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார். மேஜையெல்லாம் தண்ணீர் என்று நான் கத்துவேன்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். லெம்பா பெர்த்தாமில் சேற்றுவெள்ளம் புகுந்த வருஷம், சொந்தக்காரர் வீட்டைக் கழுவிக் கொடுக்கப் போயிருக்கிறார். சமையலறையில் ரைஸ் குக்கர் இருந்த இடத்திலேயே இருந்ததாம், மூடியும் மூடியபடியே. திறந்து பார்த்தால் உள்ளே முழுக்கச் சேறு. மூடி போட்டிருந்ததற்குள் எப்படிப் போயிற்று என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் குக்கரைத் திறக்கவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

இனி முனியாண்டி கோயில் தகரத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

என் அக்கா இரண்டாம் லயத்தில்தான் இன்றும் இருக்கிறாள், தேயிலைக் கொழுந்தெடுக்கும் வேலை. வீட்டுக்குப் பின்னால் சரிவு செங்குத்தாக ஏறும். மேலே முனியாண்டி கோயில், அதற்குப் பக்கத்தில் எங்கள் மழைமானி. அன்றைக்குக் காலையிலிருந்தே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. அருள் அனுப்பிய கணக்கு மதியத்துக்குள் வந்துவிட்டது. எல்லாப் படிகளும் முடிந்திருந்தன, ஒரு பிழையும் இல்லை. சரசு, கம்ப்ளீட்டட். இரண்டாம் லயம் பச்சை. வரைபடம் வழக்கம்போல் எஸ்டேட் மேனேஜருக்கும் தானே போய்விட்டது. அப்பாடா என்று நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

அருள் ஜன்னலுக்குப் போய்க் கையை நீட்டினார். முழங்கை வரை நனைந்து திரும்பி வந்தார். முடிந்த வேலையை எதற்காக மறுபடி குடைகிறார் என்று நான் எரிச்சலோடு கேட்டேன். "முடிஞ்சதுன்னு அது சொல்லலாம் அக்கா. நாம சொல்லக்கூடாது," என்றார். ஒவ்வொரு படியையும் திறந்து, உள்ளே போனது என்ன, வெளியே வந்தது என்ன என்று பார்த்துக்கொண்டே பின்னால் போனார். முதல் படியில் வந்து நின்றவர் திரும்பி என்னைப் பார்த்தார். பேயறைந்த முகம்.

"அக்கா, வெளிய மழை ஊத்துது. ரெண்டாம் லயத்துல மட்டும் ஒரு சொட்டு இல்லையாம்."

முனியாண்டி கோயில் மழைமானி சைபர் என்று அனுப்பியிருந்தது. இயந்திரமும் அதை வாங்கிக்கொண்டு, மழை பெய்யாத மண் சரியாது என்று ஒழுங்காகக் கணக்குப் போட்டு, முடிந்தது என்று சொல்லிவிட்டது. மழைமானி எதையுமே அனுப்பாமல் இருந்திருந்தால் அது நின்று பிழை என்று கத்தியிருக்கும். சைபரும் ஓர் எண்தானே, அதற்கு என்ன தெரியும்?

அக்கா வீட்டுக்காரர் மாணிக்க மாமாவுக்குப் போன் போட்டு, மழைமானிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் பெருமையாகச் சொன்னார், ஒன்றும் ஆகவில்லை, பத்திரமாக இருக்கிறது என்று. போன வாரம் லயத்து ஆட்கள் சேர்ந்து முனியாண்டிக்குப் புதுத் தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். ஒரு தகடு மிச்சம். "அந்த மெஷினும் பக்கத்துலயே நின்னு நனைஞ்சுக்கிட்டு இருந்துச்சு தேவகி. பாவம், கவர்மெண்டு சாமான், கெட்டுப் போயிடக்கூடாதுன்னு அதுக்கும் ஒரு கூரை போட்டுட்டோம்லா." எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

அருள் அந்த மழைமானியை நீக்கிவிட்டு, கோலா தெர்லா பக்கத்துச் சரிவிலிருக்கும் அடுத்த மழைமானியின் அளவைக் கொடுத்து வேலையை மறுபடி அனுப்பினார். பெண்டிங். யார் யாருடைய பெரிய பெரிய கணக்குகளோ முன்னால் நின்றன. தட்டினார், பெண்டிங். மறுபடி தட்டினார், பெண்டிங். சரசு க்யூவில் நின்றுகொண்டிருந்தாள். நான் அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போதே அக்காவைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது, கூப்பிட்டு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அருள் மேனேஜருக்குப் போன் செய்தார். லயத்தில் இன்னும் துரை என்றுதான் சொல்வார்கள். ஈப்போக்காரர், தமிழர், நல்ல மனிதர், ஆனால் எதற்கும் கையில் ஆதாரம் வேண்டும் அவருக்கு. பச்சை என்று வரைபடம் வந்திருக்கிறதே என்று கேட்டார். அது தப்பான பச்சை, புதுக் கணக்கு இன்னும் க்யூவில் நிற்கிறது என்றார் அருள். அப்படியானால் அது வரட்டும், பார்த்துவிட்டுச் செய்யலாம் என்றார் துரை. அருள் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"கணக்கு க்யூவுல நிக்கும் சார். மண்ணு க்யூவுல நிக்காது."

நிச்சயமாகச் சரியுமா என்று துரை கேட்டது எனக்கே கேட்டது. "தெரியாது சார். எனக்குப் பயமா இருக்கு," என்றார்.

ஒரு பெரிய மனிதரிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. அதற்குத் துரை என்ன பதில் சொன்னார் என்று தெரியவில்லை. ஆனால் கொழுந்து ஏற்றும் லோரிகளை லயத்துக்கு அனுப்பிவிட்டார். நான் அக்காவைக் கூப்பிட்டேன். துணி ஊற வைத்திருக்கிறாளாம், இப்போது எங்கே வருவது, மெஷினில் என்ன வந்திருக்கிறது என்று கேட்டாள். சிவப்பு என்று பொய் சொன்னேன். திட்டிக்கொண்டே லோரியில் ஏறினாள்.

மண் வந்தது. வெளிச்சம் இருக்கும்போதே வந்தது. பிள்ளைகள் டேவானில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள் என்று மாமா பிறகு சொன்னார். இரண்டாம் லயத்தின் பின்பக்கம் முழுக்கச் சமையலறைகளுக்குள் இறங்கிவிட்டது. அக்காவின் அடுப்பு இருந்த இடமே தெரியவில்லை. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. முனியாண்டிக்கும் மழைமானிக்கும் ஒரு கீறல்கூட இல்லை, கூரை அவ்வளவு பலமாகப் போட்டிருந்தார்கள். மாமா பேசி முடித்ததும் அருள் அந்த வரியை மறுபடி தட்டினார். சரசு, பெண்டிங். எழுந்து ஓடிப்போய் வாந்தியெடுத்தார். நான் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதைவிடப் பயங்கரமான ஒன்றை நான் திரையில் பார்த்ததில்லை.

இதை வாசித்துவிட்டு அவரை ஏதோ ஞானி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பயந்து எழுப்பியும் மண் வராத நாட்கள்தாம் அதிகம். ஒரு தீபாவளிக்கு முதல் நாள், எண்ணெய்ச் சட்டியில் முறுக்கு வேகும்போது எல்லோரையும் டேவானுக்கு ஏற்றினார். மண் வரவில்லை. மாவு மட்டும் வீணாய்ப்போனது. மறுநாள் அக்கா எல்லோர் முன்னாலும் அவரை நிற்க வைத்து ஏசினாள், நான்கூடத் தலையைக் குனிந்துகொண்டேன். அருள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விழலயேக்கா, சந்தோஷம்தானே?" என்றார். அதற்குமேல் அவளால் ஏச முடியவில்லை. உடைந்த முறுக்கெல்லாம் ஒரு பையில் கட்டி அவர் கையில் திணித்தாள். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு கண்ணை மூடிக்கொண்டு அதை அவ்வளவையும் அவரே தின்றார். இவ்வளவு பேச்சு வாங்கியும் உறைக்கவில்லையா என்று கேட்டேன். "ஏசுறதுக்கு ஆளு இருக்குல்ல அக்கா. அது போதும்," என்றார்.

அடக்கம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது, கோலாலம்பூரிலிருந்து மரியாதையாகவே சொன்னார்கள். இயந்திரத்தில் அருளுக்குள்ள பயனர் கணக்கை மூடப்போகிறோம், அவர் பெயரில் ஓடுவதெல்லாம் நின்றுவிடும், இனி உங்கள் பெயரில் அனுப்புங்கள் என்று. எனக்குத் தெரியாத வரி எதுவுமில்லை. அவர் பக்கத்தில் இருக்கும்போது எத்தனையோ தடவை தட்டியிருக்கிறேன். ஆனால் அதெல்லாம் அவர் பெயரில். மூடிவிட்ட பிறகு ஒருநாள் பழக்கத்தில் அவர் பெயரைப் போட்டு நிலையைக் கேட்டுவிட்டேன். அப்படி ஒருவர் இல்லை என்று பதில் வந்தது. அன்று ரீத்தாவைக் கூப்பிட்டுப் பேச நினைத்தேன், முடியவில்லை.

போன வாரம் மதியம் மழை பிடித்துக்கொண்டது. நான் ஒவ்வொரு மழைமானியாகப் பார்த்தேன், எதிலும் சைபர் இல்லை. படிகளைப் பட்டியலிடச் சொல்லி முணுமுணுத்து வாசித்தேன். என் பெயரில் அனுப்பினேன். திரையில் அருள் பெயர் இருந்த இடத்தில் தேவகி என்று வந்தது. இனிப் பச்சை வந்தாலும் அது என் பச்சை, தப்பாகப் போனால் லயம் முழுவதும் வந்து நிற்கப்போவது என் வாசலில். நிமிஷத்துக்கொரு தடவை நிலையைக் கேட்டேன். ஏன் அவர் நச்சரித்தார் என்று அப்போதுதான் புரிந்தது. சும்மா உட்கார்ந்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

சரசு, கம்ப்ளீட்டட். இரண்டாம் லயம் பச்சை. நல்ல, சுத்தமான பச்சை. எல்லாப் படிகளையும் திறந்து பார்த்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினேன். பிறகு ஜன்னலுக்குப் போய்க் கையை நீட்டினேன். பெரிய மழை என்று சொல்ல முடியாது, ஆனால் ஒரு கணம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. கையை உள்ளே இழுத்துச் சுடிதாரில் துடைத்தேன். அக்காவைக் கூப்பிட்டு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு டேவானுக்குப் போய்விடு என்றேன்.

"மெஷின்ல என்ன வந்திருக்கு?"

"பச்சை."

"அப்புறம் என்னாடி?"

"எனக்குப் பயமா இருக்குக்கா."

திரும்பக் கட்டிய அவள் சமையலறைத் தகரத்தில் மழை விழும் சத்தம் போனில் கேட்டது. ஏச்சு விழப்போகிறது என்று காத்திருந்தேன்.

"அருள் தம்பி இப்படித்தான் சொல்லும்," என்றாள். "இரு, அடுப்ப அணைச்சிட்டுப் போறேன்."

மண் வரவில்லை. மறுநாள் அவள் போனில் ஏசு ஏசென்று ஏசினாள், நான் நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். இந்த வாரம் ரீத்தா வந்து அருளின் குடை, குவளை, மேஜையிலிருந்த மாதா படம் எல்லாவற்றையும் எடுத்துப்போனாள். வேறு ஏதாவது இருக்கிறதா அக்கா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவருடைய பயம் என்னிடம் இருக்கிறது. அதை நான் கொடுக்கவில்லை.